நீரிற் கரைதலும் நீரால் மாறுதலும்

கமத்தொழிலிற் பயன்படும் பொருள்களுள் நீரோடு சேராதவை மிகச் சிலவே. யூரியா வயல் நீரிற் கரைகின்றது. மயில்துத்தம் வாளியிற் கரைகின்றது. சுட்ட சுண்ணாம்பு நீர் பட்டதும் கொதித்துப் பொடியாகின்றது. முச்சுப்பர் பொசுபேற்று மண்ணின் ஈரத்தில் மெல்ல மெல்ல இளகுகின்றது. இவை யாவற்றையும் ‘கரைதல்’ என்னும் ஒரு சொல்லாற் குறித்தல் உலக வழக்கு. ஆயினும் அச்சொல்லினுள் இருவேறு நிகழ்ச்சிகள் மறைந்து கிடக்கின்றன. இவ்வேறுபாட்டை அறியாமையால் பணங் கொடுத்து வாங்கிய பசளை காற்றிற் போவதும், மருந்து தெளித்த பயிர் கருகுவதும், குடிகிணற்று நீர் கெடுவதும் உண்டு.

ஒரு தேக்கரண்டி கறியுப்பைக் கோப்பை நீரில் இட்டுக் கலக்கினால் உப்பு கண்ணுக்குத் தோன்றாது மறைந்துவிடும். அந்நீரை வெயிலில் வைத்து வற்றச் செய்தால், இட்ட உப்பு இட்ட அளவிலேயே கோப்பையின் அடியிற் படிந்திருக்கும். புத்தளத்திலும் அம்பாந்தோட்டையிலும் உப்பளங்களில் நடைபெறுவது இதுவே. உப்பு நீரினுட் பரந்து நின்றதேயன்றி வேறொரு பொருளாக மாறவில்லை. இத்தகைய மாற்றம் பௌதிக மாற்றம் எனப்படும்.

சுட்ட சுண்ணாம்புக் கட்டியொன்றில் நீரைத் தெளித்தால் அது சூடேறி, வெடித்து, வெண்பொடியாகும். அப்பொடியை எத்தனை நாள் வெயிலில் உலர்த்தினும் பழைய கட்டி மீண்டும் வாராது. 56 கிலோகிராம் தூய சுட்ட சுண்ணாம்பு 18 கிலோகிராம் நீரைத் தன்னுட் கொண்டு 74 கிலோகிராம் நீறிய சுண்ணாம்பாகிவிடுகின்றது. சேர்ந்த நீர் இனி நீராக இல்லை. சுண்ணாம்பும் முன்னைய சுண்ணாம்பாக இல்லை. இது இரசாயன மாற்றம்.

ஆகவே ஐயம் வந்தவிடத்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நீர் வற்றிய பின்னர் இட்ட பொருள் மீண்டும் கிடைக்குமா? சூட்டையோ நிறத்தையோ மாத்திரம் கொண்டு முடிவு செய்தல் தவறாகும். யூரியாவைக் கையால் நீரிற் கரைப்போர் வாளி குளிர்ந்துவிடுதலை உணர்வர். நீர் அவ்வளவு குளிர்ந்தும் யூரியா யூரியாவாகவே இருக்கின்றது. மயில்துத்தத்தின் நீலநிறமும் அப்பளிங்கினுள் ஏற்கெனவே அடங்கியுள்ள நீரால் வந்ததாகும். பளிங்கை நன்கு சூடாக்கினால் அந்நீர் நீங்கி வெண்பொடி எஞ்சும். ஒரு துளி நீர் பட்டதும் நீலம் மீளும்.

இவ்விடத்து ஒன்று கூறல் வேண்டும். உப்பு நீரிற் கரையும்போது அதன் சோடியமும் குளோரைட்டும் மின்னேற்றங் கொண்ட தனித்தனித் துணிக்கைகளாகப் பிரிந்து நிற்கின்றன. இது கருதி உப்புக் கரைதலையே பௌதிக மாற்றமென்று கூறலாகாதென வாதிடும் இரசாயனவியலாரும் உளர். வாதம் எவ்வாறாயினும், அத்துணிக்கைகள் பிரிந்து நிற்பது கமக்காரருக்குப் பொருட்டான செய்தியே. மியூறியேற்றுப் பொற்றாசை மண்ணில் இட்டால், கரைந்த பொற்றாசியத்தை மண்ணின் களித்துணிக்கைகள் பெரும்பாலும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனோடு வந்த குளோரைட்டு பிடிப்பாரின்றி நீரோடு போய்விடும். செந்நிறப் பொற்றாசைக் கரைக்கும்போது வாளியின் அடியில் தங்கும் சிவந்த வண்டலைக் கண்டு, பசளை கரையாது வீணாயிற்றென எண்ண வேண்டுவதில்லை. அது பொற்றாசோடு நிலத்திலிருந்து வந்த இரும்புத் துருவும் களியுமேயாகும்.

யூரியா: முதலிற் கரைதல், பின்னர் மாறுதல்

இலங்கையில் நெல்லுக்கும் மரக்கறிக்கும் நைதரசன் தரும் பசளைகளுள் யூரியாவே முதன்மையானது. அதன் நிறையில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். அது 20 பாகை வெப்பநிலையில் தன் நிறையளவான நீரிலேயே முற்றாகக் கரைந்துவிடும். இவ்வளவில் நடப்பது பௌதிக மாற்றமே. ஆனால் யூரியாவின் வரலாறு கரைதலோடு முடிவதில்லை. பயிரின் வேர் பெரும்பாலும் உட்கொள்வது யூரியாவையன்று. அதிலிருந்து உண்டாகும் அமோனியத்தையும் நைத்திரேற்றையுமே. அம்மாற்றத்தைச் செய்வது யூரியேசு என்னும் நொதியம். மண்ணில் வாழும் நுண்ணுயிர்களும், அழுகும் தாவரப் பகுதிகளும் இந்நொதியத்தைத் தருகின்றன. இதன் தொழிலால் யூரியா நீரோடு சேர்ந்து அமோனியாவாகவும் காபனீரொட்சைட்டாகவும் பிரிகின்றது. வெப்பமான ஈரமண்ணில் இது சில நாள்களில் நிறைவெய்தும்.

இதனை வீட்டிலேயே காணலாம். இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் ஒரே அளவு யூரியாவைத் தூய நீரிற் கரைக்க வேண்டும். ஒன்றை அப்படியே மூடி வைத்து, மற்றதனுள் வயல் மண் ஒரு பிடி இட்டு மூடுதல் வேண்டும். சில நாள்களின் பின் திறந்தால் முதற் போத்தலில் மணம் எதுவுமிராது. மண்ணிட்ட போத்தலில் மூக்கைத் துளைக்கும் அமோனியா வீசும். மண்ணுக்குப் பதிலாகப் பச்சைச் சோயா அவரையை அரைத்து இட்டால் மாற்றம் இன்னும் விரைவில் நிகழும். அவ்விதையில் யூரியேசு மிகுதியாக உண்டு. கோழித்தீவனத்திற்குரிய சோயா போதிய அளவு வேகவைக்கப்பட்டதா என்பதையுங்கூட இந்நொதியத்தைக் கொண்டே சோதிக்கின்றனர். உலகில் முதன்முதலாகப் பளிங்குருவிற் பிரித்தெடுக்கப்பட்ட நொதியமும் இதுவே. அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர் 1926 ஆம் ஆண்டில், வாளவரைக்கு இனமான ஓர் அவரை விதையிலிருந்து அதனைப் பெற்றார்.

போத்தலில் மூடியிருந்தமையால் அமோனியா வெளியேறவில்லை. வயலுக்கு மூடி இல்லை. யூரியாவை நீர் நிறைந்த வயலில் வீசினால் அது மேல்நீரிற் கரைந்து, அங்கேயே அமோனியாவாக மாறத் தொடங்கும். அந்நீரில் வளரும் பாசி பகல் வெயிலில் நீரிலுள்ள காபனீரொட்சைட்டை உண்டு விடுவதால், நண்பகலில் நீர் மிகுந்த காரத்தன்மை அடையும். காரம் மிகுந்த நீரில் அமோனியம் வாயுவாகிக் காற்றோடு கலந்துவிடும். வெயிலும் காற்றும் மிகுந்த நாள்களில், பயிர் இளமையாய் நிழல் குறைந்திருக்கும்போது, இட்ட நைதரசனிற் பாதியளவுங்கூட இவ்வாறு இழக்கப்படக்கூடும். இரண்டு மூட்டை யூரியாவுக்கு விலை கொடுத்த கமக்காரரின் பயிருக்கு அப்பொழுது ஒரு மூட்டையே சேருகின்றது.

இதற்குப் பரிகாரம் யூரியாவின் முதல் நிலையிலேயே உள்ளது. யூரியாவாக இருக்கும்வரை அதற்கு மின்னேற்றம் இல்லை. ஆதலால் களித்துணிக்கைகள் அதனைப் பிடிப்பதில்லை, நீர் செல்லும் வழியே அதுவும் செல்லும். எனவே வயலின் நீரை வடித்துச் சேறு ஈரமாக இருக்கும் நிலையில் யூரியாவை இட்டு, பின்னர் நீரை மெதுவாகப் பாய்ச்சினால், கரைந்த யூரியா நீரோடு மண்ணினுள் இறங்கும். அங்கே அது அமோனியமாக மாறியதும் களித்துணிக்கைகள் அதனைப் பற்றிக்கொள்ளும். மேட்டுநிலத் தோட்டங்களிலும் இதுவே முறை. யூரியாவை இட்ட அன்றே இறைத்துவிடல் வேண்டும். ஈரப்பற்று மாத்திரமுள்ள மண்ணின்மேல் யூரியாவைத் தூவி, இறைப்பு முறை வரும்வரை நாலைந்து நாள் விட்டுவிடுதலே எல்லாவற்றிலும் தீயது. கரைவதற்குப் போதிய ஈரம் உண்டு, உள்ளே கொண்டுசெல்லப் போதிய நீர் இல்லை.

களி பிடிக்காத அந்த முதல் நாள்களில் மற்றொரு அபாயமும் உண்டு. வரம்பின் வக்கடை திறந்திருந்தால் வயலில் இட்ட யூரியா அயல் வயலுக்கோ வாய்க்காலுக்கோ போய்ச் சேரும். பெருமழை வருமென்று தோன்றும் நாளில் யூரியா இடாதிருத்தலும், இட்ட பின்னர் சில நாள்கள் வக்கடையை நன்கு அடைத்து வைத்தலும் இதனாலேயே வற்புறுத்தப்படுகின்றன.

இலைக்குத் தெளிப்பதற்காக யூரியாக் கரைசல் தயாரிப்போர், சாணம் கரைத்த வாளியையோ சேறு படிந்த பீப்பாவையோ அதற்கு எடுத்தலாகாது. தூய நீரில் யூரியா யூரியாவாகவே நிற்கும். சாணத்திலும் மண்ணிலும் உள்ள யூரியேசு அதனை அமோனியாவாக்கி இலையைக் கருகச் செய்யும். எவ்வாறாயினும் கரைத்த அன்றே தெளித்து முடித்தல் நன்று.

பசளைகளை ஒன்றோடொன்று கலத்தல்

உலர்ந்த பசளைகளைக் கலக்கும்போது நீருக்கு அங்கு இடமில்லை என எண்ணுதல் இயல்பு. யூரியாவையும் முச்சுப்பர் பொசுபேற்றையும் கலந்து சாக்கில் கட்டி வைத்தவர், சில நாளில் அது பசைபோல் ஈரமாகியிருத்தலைக் காண்பர். மழை ஒழுகவில்லை. பொசுபேற்றின் பளிங்குகளினுள் அடங்கியிருந்த நீரை யூரியா வெளியேற்றி அவ்விடத்தில் தான் புகுந்துகொண்டது. வெளிவந்த நீரில் எஞ்சிய யூரியா கரைந்தது. இவ்விரண்டையும் கலக்க வேண்டின், இடும் நாளிலேயே கலந்து உடனே இட்டு முடித்தல் வேண்டும்.

அமோனியம் சல்பேற்றைச் சுண்ணாம்போடு கலத்தல் இதனினும் பெரும் பிழை. நூற்றுக்கு 21 பங்கு நைதரசனுடைய இப்பசளை ஈரமான சுண்ணாம்பைச் சேர்ந்தவுடன் அமோனியாவை வெளிவிடும். அடுப்புச் சாம்பலும் காரப்பொருளாதலால் ஓரளவுக்கு இதையே செய்யும். கலக்கும்போது மூக்கில் ஏறும் மணம் பசளையின் வீரியத்துக்குச் சான்றென நினைப்போர் சிலர் இன்றும் உளர். அம்மணம் கமக்காரரின் பணம் காற்றிற் பறக்கும் மணமாகும். மண்ணின் புளிப்பை நீக்கச் சுண்ணாம்பு இடுவோர் அதனை முன்னதாகவே இட்டு மண்ணோடு கலந்து, சில வாரங்கள் சென்ற பின்னரே அமோனியப் பசளை இடுதல் வேண்டும்.

பொசுபேற்றின் இயல்பு

முச்சுப்பர் பொசுபேற்றை மண்ணில் இட்டு ஒரு வாரஞ் சென்று தோண்டிப் பார்த்தால், மணிகள் இட்டபடியே கிடப்பனபோலத் தோன்றும். பசளை கரையவில்லையென்று முறையிடுவோர் பலர். உண்மை அதற்கு மாறானது. மணி மண்ணீரத்தை உறிஞ்சியதும் அதிலுள்ள பொசுபேற்றின் பெரும்பகுதி, கடும்புளிப்பான ஒரு கரைசலாகி மணியை விட்டு வெளியேறிவிடுகின்றது. அதே வேளையில் ஒரு பகுதி, எளிதிற் கரையாத வேறொரு கல்சியம் பொசுபேற்றாக மாறி, மணியின் வடிவிலேயே எஞ்சி நிற்கின்றது. காணப்படுவது அந்தக் கூடே. உப்பு கரைவதுபோல இது கரைவதில்லை, கரையும்போதே மாறுகின்றது.

வெளியேறிய கரைசலும் நெடுந்தூரம் செல்வதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் சார்ந்த மண்ணில் கல்சியம் அதனைப் பிடிக்கும். மலைநாட்டின் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் பிடிக்கும். ஆகவே மேலே தூவிய பொசுபேற்று ஆழத்திலுள்ள வேரை அடையுமென எதிர்பார்த்தல் வீண். நடுகைக்கு முன்னரே, வேர் பரவும் ஆழத்தில் அது மண்ணோடு கலக்கப்படல் வேண்டும். மழை அதனைக் கரைத்துக் கொண்டுபோய்விடும் என்ற அச்சம் பெரிதும் தேவையற்றது. பொசுபேற்று வயலை விட்டு வெளியேறுவது பெரும்பாலும் அரிக்கப்பட்ட மண்ணோடு சேர்ந்தேயாம்.

1971 ஆம் ஆண்டில் அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையிற் கண்டுபிடிக்கப்பட்ட அப்பற்றைற்றுப் பாறையும் பொசுபேற்றே. அதனைத் தூளாக்கி நீரில் இட்டால் ஏறக்குறைய முழுவதும் அடியிற் படிந்துவிடும். புளிப்பு மண்ணில் அம்லம் தாக்கும்போது மாத்திரம் அது சிறிது சிறிதாகப் பிரிந்து பயிருக்கு உதவும். ஆதலால் தேயிலை, இறப்பர், தென்னை முதலிய நெடுங்காலப் பயிர்களுக்கு அது ஏற்றது. மூன்று நாலு மாதத்தில் அறுவடையாகும் நெல்லுக்கும் மிளகாய்க்கும் அதன் வேகம் போதாது. இத்தகைய பாறையைக் கந்தக அம்லத்தோடு சேர்த்து நீரிற் கரையும் பசளையாக்கும் முறைக்கு 1842 இல் இங்கிலாந்தில் ஜோன் லோஸ் என்பவர் காப்புரிமை பெற்றார். செயற்கைப் பசளைத் தொழிலின் தொடக்கம் அது. வயலில் மெல்ல நிகழ்வதை அவர் தொட்டியில் விரைவாக நிகழச் செய்தார் எனலாம்.

சுண்ணாம்பும் போடோக் கலவையும்

சுண்ணக்கல்லைச் சூளையிற் சுடும்போது அதிலுள்ள காபனீரொட்சைட்டு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். 100 கிலோகிராம் தூய கல் 56 கிலோகிராம் சுண்ணாம்பாகும். அது நீரைச் சேரும்போது வெளிவரும் வெப்பம் நீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. சுட்ட சுண்ணாம்புச் சாக்குகளை ஒழுகும் கூரையின் கீழும், வைக்கோல் அருகிலும் வைத்தலாகாது. சிறிது மழைநீர் புகுந்தால் சாக்கு தீப்பற்றவும் கூடும். சுண்ணாம்பு நீற்றும்போது மட்பாத்திரத்திற் சுண்ணாம்பை இட்டு, நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்தல் வேண்டும். முகத்தை நேரே மேலே நீட்டலாகாது. சிறுவர்களை அண்ட விடலாகாது. கண்ணில் தெறித்தால் தாமதமின்றித் தூய நீரால் நெடுநேரம் கழுவி உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். அச்சூடும் எரிவும் கண்ணீரோடு சேர்ந்தும் நிகழுமாதலால் கண்ணைக் கசக்குதல் பெருந்தீங்கு தரும்.

நீறிய சுண்ணாம்பு நீரில் மிகக் குறைவாகவே கரையும்; 20 பாகையில் ஓர் இலீற்றர் நீரில் ஏறக்குறைய 1.7 கிராம் மாத்திரம். பாற்போன்ற சுண்ணாம்பு நீரில் எஞ்சியது யாவும் கரையாது மிதக்கும் துகளாகும். தெளிந்த சுண்ணாம்பு நீரைத் திறந்து வைத்தால் மேலே வெள்ளாடை படியும். அது காற்றின் காபனீரொட்சைட்டோடு சேர்ந்து பழைய சுண்ணக்கல்லாகவே மாறுவதன் அறிகுறி. மாதக்கணக்காகத் திறந்து கிடந்த சுண்ணாம்பு கலவைக்கு உதவாததன் காரணம் இதுவே. வெண்மை குறையாதிருந்தும் வேகம் போய்விட்டது.

போடோக் கலவை பிரான்சு நாட்டின் போடோ நகரைச் சார்ந்து பெயர் பெற்றது. முந்திரிகைக் கொடியின் பூஞ்சண நோயைத் தடுக்க இக்கலவை உதவுவதை அந்நகரப் பேராசிரியர் மில்லாடே 1885 ஆம் ஆண்டில் வெளியிட்டார். இலங்கையின் கோப்பிச் செய்கைக்கு அது காலங் கடந்து வந்த மருந்து. 1869 இல் இத்தீவிற் கண்டறியப்பட்ட கோப்பித் துருநோயை ஆராய மார்ஷல் வார்ட் என்னும் அறிஞர் 1880 முதல் 1882 வரை இங்கு தங்கிப் பணியாற்றினார். நோயின் இயல்பை அவர் விளக்கினாரெனினும் அக்காலத்திற் கையிலிருந்த மருந்துகள் போதவில்லை. போடோக் கலவை வெளிவந்தபோது கோப்பித் தோட்டங்களின் அழிவு தடுக்க முடியாத நிலையை அடைந்திருந்தது.

நூற்றுக்கு ஒரு பங்கு வலிமையுள்ள கலவைக்கு 1 கிலோகிராம் மயில்துத்தம், 1 கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பு, 100 இலீற்றர் நீர் ஆகியன வேண்டும். கடையில் வாங்கிய நீறிய சுண்ணாம்பாயின் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு கூட்டி எடுத்தல் வேண்டும். அதன் நிறையில் ஒரு பகுதி நீராதலின். மயில்துத்தத்தைத் துணியிற் கட்டி 50 இலீற்றர் நீரின் மேற்புறத்திற் தொங்கவிட்டால் அது விரைவிற் கரையும். கரைந்த நீர் கனத்துக் கீழே இறங்க, புதுநீர் துணியை வந்து சேருமாதலால் கலக்க வேண்டிய வேலை குறையும். இதுவரை நடந்தது பௌதிக மாற்றம். அந்நீலக் கரைசலை அப்படியே இலையில் தெளித்தால் கரைந்து நிற்கும் செப்பு இலையையும் எரித்துவிடும்.

எஞ்சிய 50 இலீற்றர் நீரிற் சுண்ணாம்பைப் பாலாக்கி, துணியால் வடித்து, அதனுள் நீலக் கரைசலை மெல்ல ஊற்றிக்கொண்டே கலக்குதல் வேண்டும். தெளிந்த நீலம் மறைந்து, வான்நிறமான, கலங்கிய கலவை உண்டாகும். செப்பு இப்பொழுது சுண்ணாம்போடு மாறி, கரையாத நுண்ணிய வீழ்படிவாகிவிட்டது. இலையில் ஒட்டியிருக்கும் இவ்வீழ்படிவிலிருந்து பனியும் மழையும் படும்போது மிகச் சிறிதளவு செப்பே விடுபடுகின்றது. பூஞ்சண வித்துகளைக் கொல்ல அது போதும். இலையை எரிக்கப் போதாது. இக்கலவையின் பயன் முழுவதும் அவ்விரசாயன மாற்றத்திலேயே தங்கியுள்ளது.

மாற்றம் நிறைவுற்றதா என அறிய, துருவற்ற பளபளப்பான இரும்புக் கத்தியொன்றைக் கலவையில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தல் வேண்டும். கத்தியிற் செந்நிறம் படிந்தால் கரைந்த செப்பு எஞ்சியுள்ளதென்பது பொருள்; இன்னும் சுண்ணாம்புப் பால் சேர்த்தல் வேண்டும். கத்தியில் நிகழும் அதே மாற்றமே இரும்பு வாளியிலும் தகரப் பீப்பாவிலும் நிகழும். செப்பு இரும்பின்மேற் படிய, இரும்பு கரைந்து நீரிற் போகும். வாளியும் கெடும், கரைசலும் கெடும். மட்பாத்திரம், மரத்தொட்டி, பிளாத்திக்கு வாளி ஆகியவையே ஏற்றன. கலவையை அன்றே தெளித்து முடித்தல் வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் வீழ்படிவின் துகள்கள் பருத்து அடியிற் படியும். பின்னர் எவ்வளவு கலக்கினும் இலையில் முன்போல் ஒட்டா.

கேத்தலிற் படியும் வெண்கல்

இரசாயன மாற்றம் மீளாதது என்று பொதுவாகக் கூறப்படினும், அதற்குப் புறநடையொன்று யாழ்ப்பாணத்து ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. சுண்ணக்கல் தூய நீரில் ஏறக்குறையக் கரைவதேயில்லை. மழைநீர் மண்ணினூடு இறங்கும்போது அங்குள்ள காபனீரொட்சைட்டைச் சேர்த்துக்கொண்டு மென்மையான அம்லமாகின்றது. அவ்வம்லம் சுண்ணக்கல்லைக் கரையக்கூடிய வேறொரு பொருளாக மாற்றிக் கிணற்றிற் சேர்க்கின்றது. அந்நீரைக் கொதிக்கவைத்தால் காபனீரொட்சைட்டு வெளியேற, சுண்ணக்கல் மீண்டு கேத்தலின் உட்புறத்தில் ஓடாகப் படிகின்றது. கரைதலும் மீளுதலும் இரண்டுமே இங்கு இரசாயன மாற்றங்கள்.

சொட்டு நீர்ப்பாசனம் அமைத்தோருக்கு இது சிறு செய்தியன்று. இத்தகைய வன்னீரிற் பொசுபேற்றுப் பசளையைக் கரைத்துக் குழாயில் விட்டால், நீரிலுள்ள கல்சியத்தோடு அது கரையாத பொருளாகிச் சொட்டுவாய்களை அடைத்துவிடும். பசளையைத் தொட்டியில் இடுமுன், பாய்ச்சும் அதே கிணற்று நீரை ஒரு போத்தலில் எடுத்து அதே அளவிற் பசளையைக் கரைத்துச் சில மணிநேரம் வைத்துப் பார்த்தல் நன்று. நீர் கலங்கினால் அப்பசளையை அக்குழாயில் விடலாகாது.

மாறாது நிற்பவை: உவரும் நைத்திரேற்றும்

கடலோர வயல்களில் வெயிற் காலத்தில் மண்மேல் வெண்மையாகப் பூக்கும் உவர், கோப்பையடியிற் தங்கிய உப்பின் மறுவடிவமே. நிலத்தடி நீர் மேலேறி வற்ற, உப்பு மேலே தங்குகின்றது. உப்பு மாறாது கரைந்து நிற்பதால் அதனை நீராற் கழுவி வெளியேற்றலாம். மாரி மழைநீரை வரம்புகட்டி வயலில் தேக்கி, பின் வடிகால் வழியே வெளிவிடுதல் நெடுங்காலமாக வந்த முறை. வடிகால் இல்லாத வயலில் நீரைத் தேக்குதல் மாத்திரம் பயன் தராது. கீழே இறங்கிய உப்பு அடுத்த வெயிலில் மீண்டும் மேலேறும்.

நைத்திரேற்றின் செய்தி இதனினும் கவலைக்குரியது. மேட்டுநிலத்தில் இட்ட யூரியாவும் அமோனியம் சல்பேற்றும் ஏன், சாணமுங்கூட, மண்ணின் பற்றீரியாக்களால் ஈற்றில் நைத்திரேற்றாக மாற்றப்படுகின்றன. அமோனியத்தைப் பிடித்து வைக்கும் களித்துணிக்கைகள் நைத்திரேற்றைப் பிடிப்பதில்லை. அது எந்தக் கல்சியத்தோடும் இரும்போடும் சேர்ந்து படிவதுமில்லை. உப்பைப்போல வெறுமனே கரைந்து, நீர் போகும் வழியெல்லாம் போகின்றது. நெல்வயலின் நீர் தேங்கிய சேற்றில் அதனை நுண்ணுயிர்கள் வாயுவாக்கிவிடும். நெல்லுக்கு நைத்திரேற்றுப் பசளை ஏற்றதன்று என்று கூறுவது அதனால். ஆனால் வலிகாமத்துச் செம்மண் தோட்டங்களில் நிலைமை வேறு. நீரை விரைவில் உள்விடும் மண், அதன்கீழ் வெடிப்பும் குகையுமான சுண்ணக்கல், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் மிகுதியாக இடப்படும் பசளை, அடிக்கடி இறைப்பு. பயிர் எடுக்காத நைத்திரேற்று அத்தோட்டக் கிணற்றுக்கே திரும்பி வருகின்றது. அப்பகுதிக் கிணறுகள் பலவற்றின் நீரில், உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லையான இலீற்றருக்கு 50 மில்லிகிராமிலும் கூடிய நைத்திரேற்று ஆய்வுகளிற் காணப்பட்டுள்ளது.

இந்நீர் தெளிந்திருக்கும், நிறமும் மணமும் சுவையும் எதனையும் காட்டா. வளர்ந்தோருக்கு உடனடியாகத் தீங்கு தோன்றாதெனினும், ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுவின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை நைத்திரேற்று குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம்பாரிக்கும் அந்நோய் உயிருக்கும் ஆபத்தானது. பால்மாவைக் கரைத்து ஊட்டப்படும் சிசுக்களுக்கே இவ்வபாயம் பெரிது.

நீரைக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் தீங்கில்லையென்று தாய்மார் நம்புவது இயல்பே. கொதித்தல் நோய்க்கிருமிகளைக் கொல்லும். கேத்தலிற் சுண்ணத்தைப் படியச் செய்யும். நைத்திரேற்று அதனால் மாறுவதில்லை. கோப்பையிலிருந்து நீர் வற்ற உப்பு எஞ்சியதுபோல, நீர் ஆவியாகிக் குறையக் குறைய எஞ்சிய நீரில் நைத்திரேற்றின் அளவு விகிதத்திற் கூடும். நெடுநேரம் கொதித்த நீர் இவ்வகையிற் பச்சை நீரிலும் தீயதாகிவிடுகின்றது. துணியிலோ மணலிலோ வடித்தலாலும் அது நீங்காது.

தோட்டக் கிணற்று நீரையே குடிக்கும் குடும்பங்கள், வீட்டிற் சிசு இருப்பின், நீரைச் சோதித்துக்கொள்ளும்வரை நைத்திரேற்றுக் குறைந்ததென அறியப்பட்ட வேறு நீரைப் பாலுக்குப் பயன்படுத்தல் வேண்டும். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் நீர்ச் சோதனை செய்யப்படுகின்றது. தோட்டத்தில் இடும் நைதரசனை ஒரே முறையில் இடாது, பயிர் எடுக்கக்கூடிய அளவாகப் பல தவணைகளிற் பிரித்து இடுதலும், வேர் ஆழத்துக்கு மேல் நீர் இறங்காவண்ணம் அளவாக இறைத்தலும், எருக் குவியலைக் கிணற்றிலிருந்து எட்ட வைத்தலும் உடனே செய்யத்தக்கவை. மாரிக்குச் சற்று முன்னர் வெறுந்தரையில் யூரியா இட்டு வைக்கும் வழக்கம் கைவிடப்படல் வேண்டும். அந்த யூரியா பயிர் முளைக்குமுன் நைத்திரேற்றாகி, முதற் பெருமழையோடு கிணற்றை அடையும்.